கார்ன்வால் கடலோரத்துல ஒரு வாரம்: குடா, பாறை, மீனவ ஊர் போட்டோ எடுக்க ஐடியா வேணும்

அரைக்கிளிக் எழுதியது:

வணக்கம் மக்களே. ரெண்டு வருஷமா ஓரமா உக்காந்து படிச்சிட்டே இருந்தவன், இப்பதான் மொத தடவையா இழை தொடங்குறேன். அக்டோபர்ல ஒரு வாரம் லீவு கெடச்சிருக்கு, இங்கிலாந்தோட தென்மேற்கு மூலை கார்ன்வாலுக்குத் தனியா போறேன், வாடகைக் கார் எடுத்தாச்சு. பிளான் இதான்: முதல் நாள் போர்ட் ஐசக், பெட்ரூதன் ஸ்டெப்ஸ். ரெண்டாம் நாள் காட்ரெவி லைட்ஹவுஸ், செயின்ட் ஐவ்ஸ், பொட்டாலக். மூணாம் நாள் கைனான்ஸ் கோவ், மலியன் கோவ், கேட்ஜ்வித். நாலாம் நாள் மவுஸ்ஹோல், போர்த்லெவன், செயின்ட் மைக்கேல்ஸ் மவுன்ட். அஞ்சாம் நாள் பொல்பெர்ரோ. மிச்ச ரெண்டு நாள் விட்டுப்போனதுக்கு.

கேமரா சாதாரண ஏபிஎஸ்-சி தான், ஒரு 10-20 வைட், ஒரு 18-135. பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் (லென்ஸ் முன்னாடி போடுற கருப்புக் கண்ணாடி, ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்) புதுசா வாங்கியிருக்கேன். மனசுல ஓடுற படம் என்னன்னா, கைனான்ஸ்ல சூரியன் எறங்குற நேரம், ஈர மணல், நடுவுல அந்தப் பெரிய பாறைங்க, தண்ணி பால் ஊத்துன மாதிரி. இதுக்கு எந்த நாள் சாயங்காலம் போனா சரியா இருக்கும்? வெயில் ஆப் எல்லாம் வச்சிருக்கேன், சூரியன் எங்க விழும்னு தெரியும்.

முக்காலி எழுதியது:

தம்பி, லிஸ்ட்ட பாத்ததும் எனக்கே மூச்சு வாங்குது. அந்த ஊர் ரோடெல்லாம் ரெண்டு பக்கமும் ஆளுயர வேலி, நடுவுல ஒரு கார் போற அகலம், எதுத்தாப்ல டிராக்டர் வந்தா ரிவர்ஸ்லயே ஒரு ஃபர்லாங் போகணும். மேப்ல பக்கத்துல தெரியுறது எதுவும் பக்கத்துல இல்ல. பொல்பெர்ரோ, போர்ட் ஐசக் ரெண்டுலயும் ஊருக்குள்ள கார்ல சுத்த முடியாது, மேல நிறுத்திட்டு எறங்கி நடக்கணும். அந்த லிஸ்ட்ல பாதிய வெட்டுங்க, மத்தத அப்புறம் பேசலாம்.

சூரியன் எங்க விழும்னு தெரியும்னீங்க. சரி. தண்ணி எங்க இருக்கும்னு பாத்தீங்களா? கார்ன்வால்ல சூரியன் ரெண்டாவது, ஓதம்தான் (கடல் தண்ணி ஏறி எறங்குறது) முதல். மவுஸ்ஹோல் பக்கத்துல இருக்குற நியூலின் துறைமுகத்துல பெரிய ஓதம் வர்றப்ப உச்சத்துக்கும் கடைசிக்கும் நடுவுல சராசரியா 4.8 மீட்டர் வித்தியாசம். வடக்குக் கரையில அதுக்கும் மேல. ரெண்டு மாடி வீடு அளவுக்கு தண்ணி ஆறு மணி நேரத்துல ஏறி எறங்குதுன்னு வச்சுக்கோங்க. கைனான்ஸ்ல நீங்க சொல்ற அந்த ஈர மணல் உச்ச நேரத்துல இருக்கவே இருக்காது, பாறைக்கு நடுவுல கடல்தான் நிக்கும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், இத நான் மூணு ட்ரிப் வீணாக்கித்தான் கத்துக்கிட்டேன். ஓதம் நிலாவோட போறதால ஒரு எடத்துல பெரிய ஓதம் எப்பவுமே ஏறக்குறைய அதே கடிகார நேரத்துலதான் வரும். அந்தப் பக்கம் பௌர்ணமி, அமாவாசை கழிஞ்சு ஓரிரு நாள்ல வர்ற பெரிய ஓதத்துக்கு, அக்டோபர் கடிகாரப்படி உச்சம் காலைலயும் சாயங்காலமும் ஆறு ஏழு மணிவாக்குல. அப்ப கடல் நல்லா உள்வாங்குறது எப்போ? மதியம் பன்னண்டு ஒண்ணு. அதாவது கைனான்ஸ் முழுசா தொறந்து கெடக்குற நேரம் உச்சி வெயில். சூரியன் எறங்குற நேரத்துல கடல் வாங்கியிருக்கணும்னா அஷ்டமி பக்கம் போகணும், ஆனா அப்ப வர்றது சின்ன ஓதம், அவ்வளவா வாங்காது. நியூலின் கணக்குல பெரிய ஓதத்துல 0.8 மீட்டர் வரைக்கும் எறங்குற தண்ணி, சின்ன ஓதத்துல 2 மீட்டர்லயே நின்னுடும். நீங்க கேட்ட படம் கெடைக்கும், ஆனா முழு மணலோட கெடைக்காது. யாராவது முழு மணல், சிவப்பு வானம் ரெண்டையும் சேத்துப் போட்டிருந்தா நான் கொஞ்சம் சந்தேகத்தோடதான் பாப்பேன்.

அரைக்கிளிக் எழுதியது:

ஐயோ. இத எந்த யூடியூப்லயும் யாருமே சொல்லல அண்ணே. நான் போற வாரம் சரியா நடுவுல பௌர்ணமி வருது. அப்ப என் பிளான் மொத்தமும் காலியா?

முக்காலி எழுதியது:

காலி இல்ல, தலைகீழா மாத்துங்க. பௌர்ணமி வாரம்னா சாயங்காலம் துறைமுகமெல்லாம் ததும்பத் ததும்ப நிறைஞ்சிருக்கும். மீனவ ஊர் எடுக்க இதவிட நல்ல நேரம் இல்ல. ஏன்னா மவுஸ்ஹோல், போர்ட் ஐசக், பொல்பெர்ரோ மூணுமே வத்துற துறைமுகம். கடல் வாங்குனா போட்டெல்லாம் சேத்துல சாஞ்சு படுத்திருக்கும். அதுவும் ஒரு படம்தான், ஆனா விளக்கு வெளிச்சம் தண்ணில ஆடுற படம் வேணும்னா தண்ணி இருக்கணுமில்ல. அதனால பகல்ல குடா, சாயங்காலம் ஊர். அக்டோபர் நடுவுல அஸ்தமனம் ஆறரை சுமாருக்கு, அதுக்கப்புறம் அரை மணி நேரம் நீல வெளிச்சம், அந்த நேரம் துறைமுகம் ஃபுல்.

பௌர்ணமி அன்னைக்கு மட்டும் மவுஸ்ஹோல்ல நில்லுங்க. ஊர் கிழக்குப் பாத்தது, மவுன்ட்ஸ் பே வளைகுடாவ நோக்கி. முதுகுப் பக்கம் சூரியன் மறையும்போது எதுத்தாப்ல கடல்லேர்ந்து நிலா எழும்பும். வானத்துலயும் இன்னும் வெளிச்சம் இருக்கும், நிலாவும் எரிஞ்சுபோகாது, ரெண்டும் ஒரே எக்ஸ்போஷர்ல அடங்குற ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் கெடைக்கும். மறுநாள் போனா நிலா லேட்டா வரும், வானம் கருத்துடும், நிலா வெறும் வெள்ளைப் பொட்டு.

அப்புறம் ஊர் பேர அங்க போய் எழுத்துக்கூட்டி ‘மவுஸ் ஹோல்’னு சொல்லாதீங்க, உள்ளூர்ல ‘மவ்ஸல்’.

பிக்சல்பாண்டி எழுதியது:

முக்காலி அண்ணே பஞ்சாங்கம் வச்சு போட்டோ எடுக்குறவர்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது 😄

மதிய வெயில்ல கடலோரம் எடுத்தா தட்டையாத்தான் வரும்னு எல்லாரும் சொல்வாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். கைனான்ஸ் பாறை சர்ப்பென்டைன், பாம்புத்தோல் மாதிரி பச்சையும் கருஞ்சிவப்பும் வரிவரியா ஓடும். காஞ்சிருந்தா அழுக்குக் கல்லு மாதிரிதான் இருக்கும், நனைஞ்சாத்தான் நிறம். அந்த நனைஞ்ச கல்லு மேல வானம் பளபளன்னு அடிக்கும், அந்தப் பளபளப்புதான் நிறத்த மறைக்குது. ஒரு போலரைசர் போட்டு மெதுவா திருப்புங்க, ஒரு எடத்துல பளபளப்பு விட்டுட்டு உள்ள இருக்குற சிவப்பு எந்திரிச்சு வரும். தண்ணியும் அப்படித்தான், வெள்ளை மணல் மேல நிக்கிற ஆழம் கொறஞ்ச தண்ணி அந்த நீலப்பச்சையா தெரியறதுக்கு சூரியன் மேல இருக்கணும். சாயங்காலம் அந்த நிறமே இருக்காது. அதனால மதியமே பரவால்ல, சொல்லப்போனா மதியம்தான் வேணும்.

ஒண்ணு மட்டும்: 10 எம்எம்ல போலரைசர் போட்டு வானத்த நிறைய வைக்காதீங்க, ஒரு பக்கம் கருநீலம் ஒரு பக்கம் வெளுப்புன்னு பட்டை விழுந்துடும், அத எடிட்ல சரி பண்றது பெரிய தலைவலி.

ட்ரோன் கொண்டு போறீங்களா? கைனான்ஸ், பெட்ரூதன் மாதிரி நிறைய எடம் நேஷனல் டிரஸ்ட்ங்கிற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு கையில இருக்கு, அவங்க நிலத்துல அனுமதி இல்லாம ட்ரோன் ஏத்த விடமாட்டாங்க. மத்த எடத்துல நாட்டுச் சட்டம், 120 மீட்டருக்கு மேல போகக்கூடாது, பதிவு பண்ணிக்கணும். காட்ரெவி பக்கம் மட்டன் கோவ்ல கடல்நாய் கூட்டமா படுத்திருக்கும், பாறை மேலேர்ந்து சத்தம் போடாம பாக்கச் சொல்லி போர்டே வச்சிருக்காங்க, அங்க ட்ரோன் விட்டா பயந்து மொத்தமும் தண்ணிக்குள்ள பாயும், பாறையில அடிபடும். அந்தப் பாவம் நமக்கெதுக்கு.

அரைக்கிளிக் எழுதியது:

ட்ரோன் இல்ல ப்ரோ, காசும் இல்ல. பால் மாதிரி தண்ணிக்கு பத்து ஸ்டாப் சரியா? எத்தனை செகண்டு வைக்கணும்?

பழையரோல் எழுதியது:

இதோ வந்துட்டார்யா பால்காரர்.

கோவிச்சுக்காதீங்க, நானும் ஒரு காலத்துல ஊத்துனவன்தான். முப்பது செகண்டு வச்சா கடல் பனிமூட்டம் ஆயிடும், அலை எங்க உடையுது, பாறைய எப்படிச் சுத்துது, எப்படி உறிஞ்சிட்டுத் திரும்புது எதுவும் இருக்காது. அமைதியான குளத்துக்கு அது சரி. அட்லாண்டிக் வந்து அறையிற எடத்துல அப்படி எடுத்தா கடல் தூங்குற மாதிரி இருக்கும். கால் செகண்டுலேர்ந்து ஒரு செகண்டுக்குள்ள வச்சுப் பாருங்க. அலை வர்றப்ப அமுக்காதீங்க, வந்து திரும்புறப்ப அமுக்குங்க. திரும்புற தண்ணி மணல் மேல கோடு கோடா இழுத்துட்டுப் போகும், அந்தக் கோடு கண்ண நேரா பாறைக்குக் கூட்டிட்டுப் போகும். இதுக்கு பத்து ஸ்டாப் ரொம்ப அதிகம், ஆறு ஸ்டாப் போதும். 1/60ல கெடைக்கிற வெளிச்சத்துக்கு ஆறு ஸ்டாப் போட்டா ஏறக்குறைய ஒரு செகண்டு வந்துடும், அதே வெளிச்சத்துக்குப் பத்துன்னா பதினாறு செகண்டு ஆயிடும்.

புயல் நேரத்துல போர்த்லெவன் மாதிரி எடத்துல இது எதுவுமே வேணாம், 1/1000 வச்சு அலைய அப்படியே காத்துல நிறுத்துங்க. அந்த மணிக்கூண்டு கட்டடத்துக்கு மேல அலை எழும்புற படத்த பாத்திருப்பீங்க. அத எடுத்தவங்க எல்லாம் தூரமா நின்னு டெலி லென்ஸ்ல எடுத்தவங்க. 2014 பிப்ரவரிப் புயல்ல அந்தத் துறைமுக வாயை அடைச்சு வச்சிருந்த பெரிய மரக்கட்டைங்களே முறிஞ்சு, உள்ள பத்திரமா கட்டியிருந்த போட்டெல்லாம் முங்கிப்போச்சு. மனுஷன் எம்மாத்திரம்.

முக்காலி எழுதியது:

@பழையரோல் சார் சொன்னதோட பாதுகாப்பு பத்தி நான் கொஞ்சம் நீட்டி எழுதுறேன், போரடிச்சா தாண்டிடுங்க, ஆனா அரைக்கிளிக் தம்பி தாண்டாதீங்க.

அலைய உயரத்த வச்சு மட்டும் எடை போடாதீங்க. ஸ்வெல் பீரியட்னு ஒண்ணு ஃபோர்காஸ்ட்ல வரும், ரெண்டு அலைக்கு நடுவுல எத்தன செகண்டுன்னு. ஆறு ஏழு செகண்டுன்னா பக்கத்துக் காத்து கிளப்புன அலை, சலசலன்னு அடிச்சிட்டு அடங்கிடும். பதினாலு பதினஞ்சு செகண்டுன்னா நடு அட்லாண்டிக்ல எங்கயோ அடிச்ச புயலோட அலை, கரைக்கு வர்றப்ப அதே உயரமா இருந்தாலும் பின்னாடி தண்ணி மலையா இருக்கும், பாறைல ரொம்ப மேல வரைக்கும் ஏறும். அதுவும் கூட்டமா வரும். பத்து நிமிஷம் ஒண்ணும் இருக்காது, நாமளும் தைரியமா ரெண்டு அடி முன்னாடி போய் முக்காலிய ஊன்றுவோம், அப்ப வரும் மூணு நாலு அலை வரிசையா. அதனால பாறைல எறங்குறதுக்கு முன்னாடி பதினஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்து பாருங்க. கருப்பா ஈரமா இருக்குற பாறை வரைக்கும் அலை வருதுன்னு அர்த்தம், நீங்க பாக்குறப்ப வரலன்னாலும். கடலுக்கு முதுகு காட்டாதீங்க.

குடாவுக்குள்ள எறங்குனா, தண்ணி ஏறுறப்ப முதல்ல அடைபடுறது நீங்க நிக்கிற எடமா இருக்காது, நீங்க வந்த வழியாத்தான் இருக்கும். கடைநீர் (தண்ணி முழுசா எறங்கி நிக்கிற) நேரத்துக்கு ஒண்ணரை மணி முன்னாடி உள்ள போங்க, திரும்ப ஆரம்பிச்சதும் வெளிய வந்துடுங்க.

மேல நிக்கிறதும் பாதுகாப்புன்னு நினைக்காதீங்க. ஓரத்துல புல்லு மெத்தை மாதிரி இருக்கும், அடியில மண்ணே இருக்காது, வெறும் காத்து. ஹெல்ஸ் மவுத் பக்கத்துல 2011ல பாறை மொத்தமா சரிஞ்சு விழுந்தத ஒருத்தர் வீடியோவே எடுத்துட்டார், தேடிப் பாருங்க, பாத்தா ஓரத்துக்குப் போகத் தோணாது. பெட்ரூதன்லயும் கீழ எறங்குற படிய சரிவுக்கு அப்புறம் மூடிட்டாங்க, மேலேர்ந்துதான் எடுக்கணும், மேலேர்ந்துதான் அழகும். ஏதாவது ஆச்சுன்னா 999 அடிச்சு கோஸ்ட்கார்டு வேணும்னு சொல்லுங்க.

உப்புத் தண்ணி லென்ஸ்ல பட்டா காஞ்ச துணியால தேய்க்காதீங்க, உப்புப் பொடி கண்ணாடிய கீறிடும், முதல்ல நல்ல தண்ணில நனைச்ச துணி, அப்புறம் காஞ்சது. முக்காலி கால அன்னைக்கு ராத்திரியே நல்ல தண்ணில கழுவுங்க. என் பழைய முக்காலி ஒரு கால் இன்னைக்கும் மடங்காது, காரணம் ஒரே ஒரு நாள் சோம்பேறித்தனம்.

நெய்தல்நிலா எழுதியது:

ஓதம், பாறை, ஃபில்டர் எல்லாம் பேசியாச்சு. தலைப்புல மீனவ ஊர்னு இருக்கு, மீனவர் பத்தி யாருமே ஒரு வரி பேசலயே.

எங்க அப்பா கடலுக்குப் போனவர். வலை உலர்த்திட்டு இருக்கும்போது டூரிஸ்ட் வந்து மூஞ்சிக்கு நேரா கேமராவ நீட்டுறத சின்ன வயசுலேர்ந்து பாத்திருக்கேன். அப்பா எதுவும் சொல்ல மாட்டார், ஆனா மூஞ்சிய திருப்பிக்குவார். அந்தத் திரும்புன மூஞ்சிதான் அவங்க ஆல்பத்துல ‘உழைப்பின் சுருக்கங்கள்’னு போயிருக்கும்.

கேட்ஜ்வித் போறீங்கன்னா, அது செட் போட்ட ஊர் இல்ல. துறைமுகச் சுவர் கிடையாது, சரளைக்கல் கரையில படக வின்ச் வச்சு இழுத்து மேல ஏத்துறாங்க, அதே மாதிரிதான் இன்னும் தொழில் நடக்குது. ஓலைக்கூரை மாதிரி வேய்ஞ்ச வீடு, நீலமும் சிவப்புமா படகுங்க, எல்லாம் கண்ணுக்கு லட்சணமா இருக்கும், ஆனா அந்தக் கயிறு, கூடை, பெட்டி எல்லாம் அலங்காரத்துக்குக் கெடக்கல, நாளைக்கு விடியறதுக்கு முன்னாடி தேவைப்படும்னு கெடக்கு.

பிக்சல்பாண்டி எழுதியது:

அக்கா, சொல்றது புரியுது. ஆனா அந்த நாட்டுல பொது எடத்துல நின்னு யாரையும் எடுக்கலாம், சட்டப்படி அனுமதி தேவையில்ல. ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டா எல்லாரும் கேமராவப் பாத்து பல்லக் காட்டுவாங்க, இயல்பே போயிடும்.

நெய்தல்நிலா எழுதியது:

சட்டம் இருக்கு பாண்டி, இல்லன்னு சொல்லல. பக்கத்து வீட்டு சன்னல எட்டிப் பாக்கவும் எந்தச் சட்டமும் தடுக்காது.

இயல்பு போயிடும்ங்கிறது அவசரக்காரங்க சாக்கு. கேளுங்க, பேசுங்க, அரை மணி நேரம் சும்மா நில்லுங்க. பத்து நிமிஷம் பல்லக் காட்டுவாங்க, அப்புறம் வேலை கூப்பிடும், கேமரா இருக்குறதே மறந்துடும். அப்ப எடுங்க. கைய எடுங்க, அணியத்துல (படகோட முன்பக்கம்) கட்டுற கயிற எடுங்க. மூஞ்சி மட்டும்தான் மனுஷன்னு யாரு சொன்னா.

பழையரோல் எழுதியது:

இந்தச் சண்டை புதுசு இல்லம்மா. 1884ல ஸ்டான்ஹோப் ஃபோர்ப்ஸ்னு ஒரு ஓவியர் நியூலின் வந்து எறங்குனார், அவரச் சுத்தி ஒரு கூட்டமே சேந்துச்சு. மறு வருஷம் கரையில மீன் ஏலம் விடுறத ஒரு பெரிய படமா வரைஞ்சார், ஊர்க்காரங்களையே நிக்க வச்சு, வெட்டவெளியில. மழை, காத்து, ஓதம் எல்லாத்தோடயும் மல்லுக்கட்டி. படத்த இன்னைக்குப் பாத்தாலும் ஈர மணல்ல மீன் பளபளக்கிறது தெரியும். அதே சமயம் அந்தப் படத்துல நிக்கிறவங்களுக்கு அன்னைக்கு வயிறு நிறைஞ்சுதான்னு படம் சொல்லாது.

இன்னொரு பக்கம் கார்ன்வாலுக்கு அந்தாண்ட கடல்ல இருக்குற சில்லி தீவு கிப்சன் குடும்பம். உள்ளூர்க்காரங்க, 1860கள்ல ஆரம்பிச்சு நாலு தலைமுறையா அந்தக் கடலோரத்துல உடைஞ்ச கப்பலெல்லாம் படம் புடிச்சவங்க. கண்ணாடித் தகடும் பெரிய பெட்டிக் கேமராவுமா வழுக்குப் பாறைல ஏறுனவங்க. அந்த மொத்தத் தொகுப்பையும் கிரீன்விச் கடல்சார் அருங்காட்சியகம் 2013ல வாங்கி வச்சிருக்கு. கப்பல் செத்துக் கெடக்கும், பாய் கிழிஞ்சு தொங்கும், ஆனா படத்துல ஒரு சத்தமும் இருக்காது. வெளியூர்க்காரன் எடுத்திருந்தா இப்படி அடக்கமா எடுத்திருப்பானான்னு எனக்குச் சந்தேகம்.

அப்புறம் வானத்த வேற படத்துலேர்ந்து ஒட்டுறது ஏமாத்துன்னு இங்க மாசத்துக்கு ஒரு தடவ சண்டை வரும்ல, 1850கள்லயே பிரான்ஸ்ல குஸ்தாவ் லெ கிரே வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ்னு ரெண்டு சேத்துத்தான் கடல் படம் பிரின்ட் போட்டார். அன்னைக்கு ரெண்டும் ஒரே தகட்டுல அடங்காது, வேற வழியில்ல. இன்னைக்கு நமக்கு வழி இருக்கு. நான் அவ்வளவுதான் சொல்வேன், திரியக் கொளுத்த விரும்பல.

முக்காலி எழுதியது:

திரியக் கொளுத்திட்டு விரும்பலங்கிறார் பாருங்க.

மவுஸ்ஹோல் பத்தி ஒண்ணு விட்டுட்டேன். 1981 டிசம்பர் 19 ராத்திரி, புயல்ல மாட்டுன யூனியன் ஸ்டார்ங்கிற கப்பல்ல இருந்தவங்கள காப்பாத்த அந்த ஊர் ஆளுங்க எட்டுப் பேர் சாலமன் பிரவுன்ங்கிற உயிர்காப்புப் படகுல போனாங்க. கப்பல்ல இருந்த எட்டு, படகுல போன எட்டு, யாருமே திரும்பல. சின்ன ஊரு, எட்டுப் பேருங்கிறது ஒவ்வொரு தெருவுலயும் ஒரு வீடு. கிறிஸ்துமஸ் விளக்குக்குப் பேர் போன ஊரு அது, துறைமுகம் முழுக்க விளக்கு போடுவாங்க, ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 19 ராத்திரி மட்டும் ஒரு மணி நேரம் அணைச்சிடுவாங்க. நான் ஒரு வருஷம் விவரம் தெரியாம விளக்க எடுக்கப் போய் முக்காலி போட்டு நிக்கிறேன், டக்குனு இருட்டு. எரிச்சல்ல வாய்விட்டுத் திட்டிட்டேன். பக்கத்துல நின்ன பாட்டி கோவப்படல, மெதுவா காரணத்தச் சொன்னாங்க. அன்னைக்கு நான் ஒரு படமும் எடுக்கல.

நெய்தல்நிலா எழுதியது:

இத மொதல்லயே சொல்லியிருக்கலாம் முக்காலி அண்ணே.

நீல நேரத்துல துறைமுகம் எடுக்கும்போது இன்னொண்ணு கவனிங்க அரைக்கிளிக். இந்த மாதிரி ஊர்ல கரையோர வீடு நிறைய வெளியூர்க்காரங்க வாங்கிப்போட்ட லீவு வீடு. அக்டோபர் கடைசில போனா வரிசையா சன்னல் இருட்டா இருக்கும். சிலர் எடிட்ல மஞ்சள் வெளிச்சம் வரைஞ்சு வைக்கிறாங்க, பாத்திருக்கேன். இருட்டு சன்னல அப்படியே விடுங்களேன், ஊரு இன்னைக்கு அப்படித்தான் இருக்கு.

அரைக்கிளிக் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. லிஸ்ட்ட வெட்டிட்டேன். பென்ஸான்ஸ் பக்கம் ஒரே எடத்துல ரூம், கைனான்ஸ், கேட்ஜ்வித், பொட்டாலக், மவுஸ்ஹோல், போர்த்லெவன் மட்டும். வடக்கு இன்னொரு வருஷம். ஆறு ஸ்டாப் ஃபில்டரும் வாங்கிட்டேன், பத்து ஸ்டாப் பெட்டிக்குள்ள தூங்குது. திரும்பி வந்து எழுதுறேன்.

பிக்சல்பாண்டி எழுதியது:

பொட்டாலக்ல கிரவுன்ஸ் இன்ஜின் வீடு ரெண்டும் பாறைக்குக் கீழ கடல் ஓரமா ஒட்டிக்கிட்டு இருக்கும், தெற்குப் பக்கப் பாறை மேலேர்ந்து வடக்கப் பாத்து எடுங்க, அக்டோபர்ல சூரியன் மேற்குக்குக் கொஞ்சம் தெற்கா விழும், செங்கல் புகைபோக்கி மேல பக்கவாட்டுல வெளிச்சம் அடிக்கும். சுரங்கம் அங்கேர்ந்து கடலுக்கு அடியிலயே போச்சு, மேல கடல் உருள்ற சத்தம் கேட்டுக்கிட்டே கீழ தகரமும் தாமிரமும் வெட்டியிருக்காங்க. 2006லேர்ந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. சிவப்பு மூக்கும் சிவப்பு காலுமா கருப்புக் காக்கா பறந்தா விட்றாதீங்க, சஃப், கார்ன்வால்லேர்ந்து அடியோட காணாம போய் 2001ல தானாவே திரும்பி வந்த பறவை.

அரைக்கிளிக் எழுதியது:

வந்துட்டேன். மூணு வாரம் ஆச்சு, படமெல்லாம் இப்பதான் பிரிச்சு முடிச்சேன். நீளமா எழுதுறேன், மன்னிக்கணும்.

கைனான்ஸ் மதியம். முக்காலி அண்ணன் சொன்ன மாதிரி கடைநீர் ஒரு மணி வாக்குல, நான் பதினொண்ணரைக்கே எறங்கிட்டேன். சத்தியமா சொல்றேன், போலரைசர திருப்புன அந்த நிமிஷம் பாறை நிறம் மாறுனத வியூஃபைன்டர்ல பாத்து வாயத் தொறந்துட்டேன். மணல்ல முக்காலி மட்டும் மோசம் பண்ணிடுச்சு, ஒவ்வொரு அலை திரும்புறப்பவும் கால் அடியில மணல் கரைஞ்சு ஒரு மில்லிமீட்டர் எறங்குது, ஒரு செகண்டு படம் எல்லாம் லேசா ஆடியிருக்கு. அப்புறம்தான் கால நல்லா அமுக்கி ஊன்றிட்டு, ரெண்டு அலை போக விட்டு எடுத்தேன். முப்பது படத்துல நாலு தேறுச்சு. பால் இல்ல சார், கோடுதான்.

பொட்டாலக்ல மூணு நாள் மழை மேகம், வெளிச்சமே வரல. சஃப் ஒண்ணு தலைக்கு மேல போச்சு, என்கிட்ட வைட் லென்ஸ் மாட்டியிருந்துச்சு, அதோட கதை முடிஞ்சுது. மவுஸ்ஹோல் நிலா வந்துச்சு, மேகத்துக்குப் பின்னாடி. ஆனா தண்ணி நிறைஞ்ச துறைமுகம் கெடச்சுது, சன்னல எண்ணுனேன், ஃபிரேமுக்குள்ள பதினேழு சன்னல், எரிஞ்சது நாலு. அத அப்படியே விட்டிருக்கேன் அக்கா.

இப்ப கேட்ஜ்வித். மொத நாள் காலைல போய் சரளைல குனிஞ்சு ஒரு போட்டோட அணியத்த லோ ஆங்கிள்ல எடுத்துட்டு இருக்கேன், பின்னாடிலேர்ந்து ஒரு சத்தம், எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் கெட்ட வார்த்தை எல்லாம் அதுல இருந்துச்சு. நான் நின்னது வின்ச் கம்பி மேல. எதுத்தாப்ல ஒரு போட் கரைக்கு வந்துட்டு இருக்கு, கம்பி இறுகுனா என் கால் போயிருக்கும். விழுந்தடிச்சு ஓடி சுவர் ஓரம் ஒதுங்குனேன். மானமே போச்சு. கேமராவ பையில வச்சிட்டேன். அக்கா சொன்னது ஞாபகம் வந்து அங்கயே சும்மா உக்காந்துட்டேன், நாலு போட் ஏறுச்சு, பெட்டி எறக்குனாங்க, கடைசியா திட்டுனவரே வந்து எந்த ஊருன்னு கேட்டார். மறுநாள் அதே நேரத்துக்குப் போனேன், கேட்டேன், நிக்கிற எடத்த அவரே காட்டுனார், இதுக்கு இந்தப் பக்கம் வராதேன்னு கோடு போட்ட மாதிரி. கம்பிய கொக்கில மாட்டுற அவர் கை, பின்னாடி சாம்பல் கடல், 1/250, எஃப் 5.6. மொத்த ட்ரிப்லயும் நான் திரும்பத் திரும்பத் தொறந்து பாக்குறது அந்தப் படம்தான்.

கெளம்புறப்ப ஒரு பிரின்ட் அனுப்புறியான்னு கேட்டார். வலைக் கொட்டாய்ல மாட்டப் போறாராம். ஈரமும் உப்புமா இருக்குற எடம். என்ன பேப்பர் போடலாம்? பளபளப்பா மேட்டா, எவ்வளவு பெருசு?

பழையரோல் எழுதியது:

இங்க்ஜெட் மேட் வேணாம், ஈரத்துல உப்பிடும். சாதாரண கெமிக்கல் பிரின்டா லேப்ல போட்டு ரெண்டு பக்கமும் லேமினேட் பண்ணுங்க. ஃபிரேம் கண்ணாடி வேணவே வேணாம், உள்ள பூஞ்சை பிடிக்கும்.

நெய்தல்நிலா எழுதியது:

ரெண்டு பிரின்ட் அனுப்புங்க. கொட்டாய்ல மாட்டுறதுக்கு ஒண்ணு, வீட்டுல கேப்பாங்க, அங்க ஒண்ணு.

முக்காலி எழுதியது:

இங்கயும் ஒண்ணு போடுங்க தம்பி, பேச்சு மட்டும் ஓடிட்டு இருக்கு, படத்த இன்னும் யாரும் பாக்கல.